பயன்படுத்திய கருவிகள்

கோட்டிங்கன் நூலகத்தில் மூன்று முறை தேடிவிட்டு
உதட்டைப் பிதுக்கினாள் வீப்கே:
அப்படியொரு புத்தகமே இல்லை.
ஆசிரியர், ஆண்டு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு,
எல்லாம் கனகச்சிதமாய்ச் சொல்லியிருந்தது செயலி.
எனக்குக் காது சுட்டது.

அந்த அடிக்குறிப்பின்மேல்தான்
இரண்டு பத்தி கட்டியிருந்தேன்.
இடித்தேன்.
மறுநாள் மண்வெட்டியோடு மறுபடி லைனே ஆற்றங்கரை,
கரையரிப்பை நானே அளக்க,
பதினோரு நாள் மழையில்.

இப்போது கடைசிப் பக்கம்:
பயன்படுத்திய கருவிகள் எவை, எதற்காக?
எழுதுகிறேன்:
டெர், டீ, டாஸ் திருத்த.
முன்னுரையைச் சுருக்க; பிடிக்காமல் நானே திரும்ப நீட்டினேன்.
இல்லாத புத்தகம் ஒன்று, நீக்கப்பட்டது.

மண்வெட்டியையும் சேர்க்கலாமா என்று
கொஞ்சநேரம் யோசித்தேன்.
கட்டத்தில் இடமில்லை.

கையெழுத்துப் போடுகிறேன்.
நகக்கண்ணில் சேறு,
தேய்த்தும் போகாதது.