ஒன்று என்றால் நலம்

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு
கணினி எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும்:
எப்படி இருக்கிறீர்கள்?
நலம் என்றால் 1. இல்லை என்றால் 2.
லெசோதோ மலைகளில் நூற்றுப் பதினேழு போன்கள்.
பதில்களைப் பார்ப்பது என் வேலை.
மருந்துக் கிடங்குக்கும் கழிவறைக்கும் நடுவில்
ஜன்னல் திறக்காத ஓர் அறை.

செகோபே,
பத்தொன்பது வருடம் அடுத்த நாட்டுத் தங்கச் சுரங்கத்தில்
பூமிக்கு அடியில் கிடந்துவிட்டு
மேகத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர்.
சர்க்கரை. இடது கால் மரத்துப்போனது.
அவர் அனுப்புவது எப்போதும் 1.
குட்டி போட்ட ஆடு செத்த வாரமும் 1.
ஆற்றில் பாலம் போய் மருந்து வராத வாரமும் 1.

அவர் ஊரில் சிக்னல் கிடையாது.
மேலே முகட்டில், கல் குவித்த இடத்தில் நின்று
கிழக்கே திரும்பினால் இரண்டு கோடு கிடைக்குமாம்.
நல்ல கால்களுக்கு நாற்பது நிமிட ஏற்றம்.
ஆக, பத்து மணிக்குள் வந்துவிடும் அந்த 1
எண் இல்லை,
ஏறி வந்த கால்.
இது எனக்கு உறைக்க ஏழு மாதம் ஆயிற்று.

ஜூன். பனி கொட்டியது.
ஒரு வாரம் 1 வந்தது பகல் இரண்டரைக்கு.
அடுத்த வாரம் வியாழக்கிழமை.
அதற்கடுத்து வெள்ளி மாலை,
கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.
செகோபே பொம்மை போடுகிற ஆள் இல்லை.

1 வந்தால் நான் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுதான் விதி.
திரையில் அந்தப் பெயர் பச்சையாகிவிடும்.
பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
தேநீர் ஆடை கட்டியது.
பிறகு பட்டியலில் இல்லாத ஒரு வரியைத் தட்டினேன்:
போனைத் தூக்கி வருகிற தம்பி, நீ யார்?
அவர் கால் எப்படி இருக்கிறது?

முகட்டுக்கு யாராவது ஏறும்வரை
என் கேள்வி எங்கே காத்திருந்ததோ, தெரியாது.
நான்காம் நாள் வந்தது:
"லெபுசா. ஆடு மேய்க்கிறேன்.
1 போடு என்றுதான் சொன்னார்.
கால் நாறுகிறது.
இதை அழித்துவிடுகிறேன், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்."

சுகாதாரப் பணியாளர் மாந்தோவா குதிரையில் போனார்.
கம்பளியில் சுற்றி, சேணத்தோடு கட்டி இறக்கினார்களாம்,
வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாராம் அவர்,
யார் காட்டிக்கொடுத்தது என்று.
இரண்டு விரல்கள் போயின.
கால் இருக்கிறது.

ஆகஸ்டில் வீடு திரும்பினார்.
முதல் புதன். கேள்வி போயிற்று.
பத்து மணி.
பதினொன்றரை.
எனக்கு வேறு நூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்கள்.
ஒரு மணிக்கு அவர் பெயர் சிவந்தது.

"2. வலிக்கிறது. குதிரையில் ஏறி வந்தேன்.
இதைப் படிப்பது ஆளா, மெஷினா?"

நல்லவேளை, அறையில் வேறு யாரும் இல்லை.
வலிக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னதற்கு
இப்படியா சிரிப்பாள் ஒருத்தி.