ஏலச் சுரைக்காய்

சமாதானபுரத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை.
‘அற்புதம்’ என்ற சொல்லைச்
சதுர அடி இவ்வளவென்று அடித்துக் கொடுப்பவன்.
ஊழியர் முகம் நிலா அளவு.
சிலுவை ஓரத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே.
போன ஆடியில் ஒரு தம்பி பென்டிரைவோடு வந்தார்:
“வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், வைரத் திட்டம்.
வைரம்னா அய்யாவே பேர் சொல்லி ஜெபிப்பாங்க.
எழுத்து நல்லா எடுப்பா வரணும் அண்ணாச்சி.”
எடுப்பாகத்தான் வந்தது.

ஒளிக்க என்ன இருக்கிறது,
தங்கத்தில் நானும் இருந்தேன், பதினொரு மாதம்.
பெல்சிக்குச் சிறுநீரகம் சுருங்கத் தொடங்கிய வருஷம்.
அதற்கு முன்னால் குற்றாலத்தில் மூன்று நாள் மௌன முகாம்:
மூலிகை எண்ணெய், மூச்சுக் கணக்கு, கஞ்சி
எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு.
அருவிச் சத்தத்தில் மௌனம் சுகமாகவே இருந்தது.
திரும்பி வந்தால் கிரியாட்டினின் ஏறியிருந்தது.
போனில் ஒரு செயலியும் உண்டு.
காலை ஆறுக்கு ஒரு வசனம், பின்னால் சூரியோதயம்.
ஒரு வசனமும் என்னைக் கண்டித்ததில்லை.
பிடிக்காததை விரலால் தள்ளலாம்.

அசனத்துக்கு அவள் ஊருக்குப் போனோம்.
நாங்குநேரி தாண்டி, பஸ் நிற்கும் இடத்தில்
உடைமரம் தவிர வேறு நிழல் கிடையாது.
அந்தச் சபையைப் பற்றி நல்லதாய்ச் சொல்ல
எனக்கு அதிகமில்லை.
டயோசீசன் எலெக்‌ஷனில் சட்டை கிழித்துக்கொண்டு
இரண்டு வருஷமாய் ஒரே பெஞ்சில்
பேசாமல் அமரும் மைத்துனன்மார்.
பிரசங்கத்தின் மூன்றாம் தலைப்பில் எனக்குத் தூக்கம்.
விழித்தபோது
நோயாளிகளுக்கான விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தது:
கால் ஒடிந்த தவசிக்கனி,
பெல்சி,
சுடலை கோயிலடிக்கு எதிர்வீட்டுக் கைக்குழந்தை.
மூன்று பெயருக்கும் ஒரே மூச்சு.
யாரும் ரேட் கேட்டிருக்கவில்லை.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள் ஏலம்.
பொருளாளர் சுவிசேஷமுத்துவின் குரலில் பாதி காற்று.
ஒரு சேவல் போனது, ஒரு சீப்பு வாழைப்பழம் போனது.
பிறகு ஒரு சுரைக்காய்,
முதல் காய்ப்பு, பூக்காம்பு உதிராதது.
சந்தையில் இருபது ரூபாய் தாண்டாது.
“நூறு.”
“நூத்தம்பது.”
“முந்நூறு” என்றாள் கருப்பட்டிக் கடை ஏசுவடியாள்.
ஐப்பசி மழையில் அவள் கடைக்கூரை போனதை
ஊரே அறியும்.
பாயில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், விலையை ஏற்றினார்கள்.
ஒரு தரம், ரெண்டு தரம், எண்ணூற்று இருபது.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தாள்.
காயை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள்,
மறுபடி மேசையிலேயே வைத்தாள்.
“இன்னொருக்க வுடும்வே.”

“ஏன்க்கா?” என்றேன்.
ஏதோ பெரிய வாக்கு வரப்போகிறதென்று
உள்ளூர ஒரு ஆசை.
“எனக்குச் சொரைக்கா ஆவாது தம்பி. சளி புடிக்கும்.”

வாழ்நாள் முழுக்க நான்
கொடுத்த காசுக்குக் குறையாமல் கேட்டவன்.
அன்று கை ஏன் உயர்ந்ததென்று
இன்னும் கணக்கு நேராகவில்லை.
அறுநூற்று நாற்பதுக்கு எனக்கு விழுந்தது.
ஏட்டில் ஏறியது: சுரைக்காய் ஒன்று.
கறிக்கு உதவுமா என்று யோசித்தபடியே
கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அந்தத் தம்பி வந்தார், பிளாட்டினம் சேர்க்க.
பிழை திருத்திக் கொடுத்தேன்.
எனக்கும் வாடகை உண்டு.
செவ்வாய்க்கிழமை ஹைகிரவுண்டில்
வழக்கமான நாலு மணி நேரம்.
குழாயில் அவள் ரத்தம் வெளியே போய்
உள்ளே வந்தது.
அற்புதம் என்று அச்சிட எதுவும் நடக்கவில்லை.

ராத்திரி அவளே கூட்டு வைத்தாள்.
டாக்டர் சொன்னபடி உப்பில்லை.
நன்றாக இல்லை.
நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.