இருபத்து நான்கு கண்ணிகள்

காற்று இரண்டு நாள் விமானத்தை
மலைக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்தது.
மூன்றாம் நாள் ஈசாஃபியோர்தூரில் இறங்கியதும்
தங்கை யோருன் விசாரித்தது என்னையல்ல,
என் ரத்த அழுத்தத்தை.
காலையில் பார்த்ததைச் சொன்னேன்,
கொஞ்சம் குறைத்து.

இதயக் குழாயில் வலை வைத்த அன்று
சிகரெட் பிடித்த விரலுக்கு வேறு வேலை வேண்டும் என்று
தாதி ஒருத்தி ஊசியும் நூலும் தந்தாள்.
இருபத்தாறு வருடம் இழுவைப் படகில்
பதினாலு பேருக்குச் சமைத்த கை இது.
முதல் காலுறையில்
குதிகால் முழங்கால் பக்கம் போய் நின்றது.
இப்போது பரவாயில்லை.
பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டுக் கண்ணி,
கோபமாக இருந்தால் பத்தொன்பது.

வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்தாள்.
வெண்ணெய்ப் பொட்டலங்களை எண்ணினாள்.
உப்பு டப்பாவை
எனக்கு எட்டாத தட்டில் வைத்தாள்
(என்னைவிட அவள் ஒரு சாண் குட்டை,
நாற்காலி போட்டு ஏறித்தான்).
காலை எழுந்ததும் மீனெண்ணெய் ஒரு கரண்டி,
மாலையில் துறைமுகம் வரை நடை,
மணிக்கட்டில் கடிகாரம் அடிகளை எண்ணும்.

இருபத்து மூன்றாம் தேதி
நொதித்த திருக்கை வெந்தாக வேண்டும்.
வாடை கண்ணைக் கரிக்க,
அவள் மகள் ஸ்வாவா
நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு
சாப்பிட உட்கார்ந்தாள்.
சிரித்துச் சிரித்து எனக்கு இருமல்.
யோருனும் சிரித்தாள்,
தட்டில் மீனைச் சின்னதாக, இன்னும் சின்னதாக வெட்டியபடி.
பதினாலு தட்டு கழுவியவனுக்குத் தெரியும்
யார் தின்றார்கள்,
யார் நகர்த்தி மட்டும் வைத்தார்கள் என்று.

மறுநாள் ஆறு மணிக்குக் கோயில் மணி.
பரிசுகள்.
போன கோடையில் அவள் மறந்துவிட்டுப் போன
பழைய ஸ்வெட்டரை அளவு வைத்துப் பின்னியது:
சாம்பல், தோளைச் சுற்றி வெள்ளை வட்டம்.
கை நீளம் அச்சாகப் பொருந்தியது.
மற்றதெல்லாம்
காற்று இறங்கிய பாய் மாதிரி தொங்கியது.
அவள் கணவன் ஓர்லிகூர் சட்டென எழுந்து
காப்பி போடப் போனான்.
காப்பி ஏற்கெனவே மேசையில் இருந்தது.

"பின்னல் தளர்ந்துவிட்டதோ" என்றேன்.
"கம்பளிதானே, துவைத்தால் சுருங்கும்" என்றாள்.
இருவரும் பொய்.
பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டு.

இரவு சமையலறையில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இருபத்து நான்கு கண்ணி குறைக்க வேண்டும்.
முடிச்சைத் தேடி நூலை இழுத்தபோது
தண்ணீர் குடிக்க வந்து நின்றாள்.
மணிக்கட்டில் கடிகாரம் இல்லை,
அதன் தடம் மட்டும்.

"எப்போதிலிருந்து?"
"அக்டோபர்."
"எங்கே?"
விலா எலும்புக்குக் கீழே
ஒற்றை விரலை வைத்துக் காட்டினாள்,
பொத்தான் விழுந்த இடத்தைக் காட்டுவதுபோல்.
ஜனவரி ஒன்பது, அறுவை.
"அப்புறம் எதற்கடி என் உப்பைப் பிடித்துத் தொங்கினாய்?"
"பேச வேறு எதுவும் அகப்படவில்லை."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் அதை முறுக்கினேன். இன்னும் முறுக்கினேன்.
"அவிழ்க்காதே" என்றாள்,
என் மடியிலிருந்து ஸ்வெட்டரை இழுத்து.
"உடம்பு அதற்குள் வந்து சேரும்.
நீ பொறு."
பிறகு டப்பாவைத் திறந்து
இலை ரொட்டி ஒன்றை எடுத்தாள்.
நட்சத்திரம் என்று ஸ்வாவா வெட்டியது,
பொரித்ததில் நண்டாகிப் போனது.
வெண்ணெய் தடவினேன். தடுக்கவில்லை.
பாதி தின்றாள்.
மீதியை நான்.

இருபத்தேழாம் தேதி விமானம்.
பைகள் வாசலில் கட்டி நின்றன.
எட்டு மணிக்கு ஓர்லிகூரின் போன் கூவியது:
காற்று, இன்றைக்கு இல்லை.
ஸ்வாவா கத்திக்கொண்டே
நீச்சல் கண்ணாடியைத் தேடி ஓடினாள்,
வெந்நீர்க் குளத்துக்காம்.
நல்லதாய்ப் போயிற்று என்று
வாய்விட்டுச் சொல்லக் கூடாது.
உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.
நாலு பேர்தான்.
ஆறு பேருக்கு உரித்தேன்.