பச்சை முள்

காது இரையுது என்று சொல்லியிருக்கலாம்.
எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
ஆனால் இரைவது கடல்.
இரைவது காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்.
என் வலது காதில் இருப்பது அவ்வளவு பெரிதில்லை,
மெல்லிசு, ஊசி,
விடாது.

பஞ்சிகாவத்தையில் பதினேழு வருசம்
செத்த ஜெனரேட்டர்களை எழுப்பியவன் நான்.
எந்த எஞ்சின் எந்தச் சுருதியில் நிற்கும் என்று
மூடியில் கை வைத்தே சொல்லுவேன்.
ஆகவே ஆஸ்பத்திரி வாங்கில்
அறுபத்திரண்டாம் இலக்கத் துண்டோடு இருந்து
சரியான சொல்லைத் தேடினேன்.

ஒன்பதாம் வகுப்பில் படித்ததில்
ஒரே ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது:
வண்டு முரலும்.

"முரலுது" என்றேன்.

வைத்தியர் பேனையை நிறுத்தித் தாதியைப் பார்த்தார்.
தாதி நிலூஷா மட்டக்குளிக்காரி,
சந்தையில் பொறுக்கிய தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது.
என் காதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"முரலா? மொரல்லாவா?
ஐயாட காதுக்குள்ள மீனா?"

வைத்தியர் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.
அட்டையில் என்னவோ எழுதினார்,
சுழி சுழியாகச் சிங்களத்தில்.
அதில் ஒரு சுழியாவது
வாலை ஆட்டியிருக்கும்.

திரும்பும் வழியில் கொட்டாஞ்சேனைச் சந்தையில் இறங்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பவுலின் அக்காவின் பலகையில்
முரல் அடுக்கிக் கிடந்தது,
நீட்டி வைத்த புல்லாங்குழல்கள் மாதிரி,
ஆனால் துளை இல்லை,
அலகு மட்டும்.

"இது சத்தம் போடுமா அக்கா?"

"மீன் எங்க தம்பி சத்தம் போடும்?
வாங்கிறவங்கதான் போடுவாங்க."
கத்தியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:
"ராவுல லாம்பு பிடிச்சா வெளிச்சத்துக்குப் பாயும்.
என்ட தம்பி ஸ்டான்லிக்குக்
கன்னத்தில ஏழு தையல்."

அரைக் கிலோ.
"முள்ளு பச்சையா இருக்கும், பயப்பட வேணாம்,
நஞ்சில்ல."

வீட்டில் யசோ பொரித்தாள்.
ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன்.
கரண்டியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்,
மூன்று மாதத்தில் முதல் தடவை.
முரலின் முதல் எழுத்தை
ஒரு சுழி நீட்டினால் மூரல்:
சிரிப்புக்கும் அதுதான், பல்லுக்கும் அதுதான்,
சோற்றுக்கும் அதுதானாம்.
அகராதியில் பார்த்தேன்,
எண்ணெய் விரலோடு.
அந்தப் பக்கம் இப்போது கண்ணாடி மாதிரி,
பின்பக்கத்துச் சொற்களும் தெரிகின்றன.

எட்டரைக்குக் கரண்ட் போனது.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நகைக்கடை. பிறகு பார்மசி.
பிறகு மாடிவீட்டுக்காரரின் பழைய யமஹா,
காபரேட்டர் அடைத்தது, நான்தான் போன மாதம் கழுவிக் கொடுத்தேன்.
கொட்டாஞ்சேனை முழுதும் முரலத் தொடங்கியது,
ஒவ்வொரு வாசலிலும் ஒன்று,
ஒன்றோடொன்று சேராத சுருதியில்.

நான் கையில் மீனோடு இருந்தேன்.
என்னுடையதைத் தேடினேன்.
இல்லை.
எங்கேயோ அந்தக் கூட்டத்துக்குள் போயிருந்தது,
தன் இனத்தைக் கண்டதுபோல.
பதினெட்டு நிமிடம்.
யசோ மெழுகுதிரி கொளுத்தி மேசையில் வைத்தபோது
அனிச்சையாய் முகத்தை விலக்கினேன்,
ஸ்டான்லியின் கன்னம் நினைவில்.

பிறகு கரண்ட் வந்தது. ஒவ்வொன்றாய் நின்றன.
யமஹா கடைசியாக, இருமிவிட்டு.

அது திரும்பி வந்து
வலது காதில் தன் இடத்தில் நின்றது.

வேறு சொல்லைச் சொல்லியிருக்கலாமோ என்று
இப்போதும் சில நேரம் யோசிப்பதுண்டு.
இரையுது என்றிருந்தால்?
நிலூஷா தூண்டில் எங்கே என்று கேட்டிருப்பாள்.

தட்டின் ஓரத்தில் முள் கிடந்தது,
யாரோ கழற்றிப் போட்ட தந்திபோல்,
பொரித்த பிறகும்
பச்சையாக.