பதினாலு

பகலில் வாழைக்காய்ப்பேட்டையில் தார் எண்ணுகிறேன்.
மாலையில் மைதானத்து மேசையில்
கூடை எண்ணுகிறேன்.
ஒரு மேட்சுக்கு நூற்றைம்பது, டீ தனி.
பேட்டையில் தப்பாக எழுதினால்
மறுநாள் வைவாய்ங்க, திருத்திக்கொள்ளலாம்.

மொக்கராசு செக்கானூரணிக்காரன்.
ஆறடி மூணங்குலம்.
பஸ்ஸுக்குள் ஏறினால் தலை இடிக்கும் என்று
படியிலேயே நின்று
ரேஸ்கோர்ஸ் வந்து சேர்ந்தவன்.
பனியனில் பதினாலு.
வெள்ளைத் துணியை வெட்டி ஒட்டி
ஓரம் தைத்த எண், மலிவுத் தையல்.

அன்றைக்கு இரண்டாம் பாதியில் தூறல்.
நாலின் கை பிரிந்து
பனியன் மடிப்புக்குள் போய்விட்டது.
மிச்சம் நின்றது இரண்டு கோடு.
அறுபதின் மேல் சாய்கோடு போட்டுப்
பக்கத்தில் பதினொன்று என்று எழுதினேன்.
நிஜமான பதினொன்று, செல்வின்,
அந்நேரம் நடுக்கோட்டில் குனிந்து
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

ரயில்வேயிலிருந்து வந்திருந்த கோச்
முடிந்ததும் தாளை வாங்கிக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
பதினொன்று, இருபத்திரண்டு.
பதினாலு, பத்தொன்பது.
காலியிடம் ஒன்றே ஒன்று.
வீட்டில் சோற்றில் கை வைத்தபோதுதான்
எனக்கு அந்த நாலின் கை ஞாபகம் வந்தது.

சொல்லவில்லை.

பிறகு பதினாறு வருஷம்.
சிவகாசி அச்சகக்காரர் அணிக்கு ஆடினான்,
திண்டுக்கல் தோல்ஷாப் முதலாளிக்கு ஆடினான்,
கரூரில் போர்வைக்கம்பெனி பேரில்.
சென்னையில் ஒரு வங்கி
பதினொரு மாதம் ஸ்டைபண்டு கொடுத்து
அணியையே கலைத்தது.
சட்டை மாறும், எண் மாறாது.
மேட்சுக்கு எண்ணூறு, ஜெயித்தால் ஆயிரம்,
ராத்திரி புரோட்டா கணக்கில்லை.
சீசன் இல்லாத மாசங்களில் லோடு ஆட்டோ.

ஒருநாள் தார் இறக்க என் பேட்டைக்கே வந்தான்.
தொண்ணூற்றாறு.
மூன்று தடவை எண்ணினேன்.
"என்னண்ணே, நம்பிக்கையில்லையா?" என்று சிரித்தான்.

எந்த ஊர் மைதானமானாலும்
ஆட்டம் தொடங்குமுன் மேசைக்கு வருவான்.
பனியனை இரண்டு கையால் இழுத்துப் பிடித்து
என் கண்ணுக்கு நேரே காட்டுவான்.
"பதினாலுண்ணே."
அவ்வளவுதான்.
தெரிந்து சொல்கிறானா, பழக்கமா,
பதினாறு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று திருமங்கலத்தில் இரவு ஆட்டம்.
ஃபிளட்லைட்டைச் சுற்றி ஈசல்.
எதிர்ப்பக்கம் ரயில்வே.
செல்வின் இப்போது மேனேஜர், தொப்பையும் விசிலுமாக.
மொக்கராசுக்கு வலது முழங்காலில்
கட்டு மேல் கட்டு.
ஓடுகிறான் என்று சொல்ல முடியாது,
பந்து வரும் இடத்துக்கு முன்னமே போய் நிற்கிறான்.

கடைசி நிமிஷம். கூடையடியில் ஒரே கூட்டம்.
பந்து விழுந்தது.
ரெஃப்ரி விரல் காட்டினார்: ஒன்று, பிறகு நாலு.
பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன்.
திரும்பி நொண்டிக்கொண்டு போனவன்
மேசைப் பக்கம் குனிந்தான்.
வேர்வை தாளில் சொட்டியது.
"அது பதினொண்ணுண்ணே. நானில்ல."

பதினொன்று இஜாஸ்,
காஜிமார் தெருப் பையன், பத்தொன்பது வயசு.
எழுதினேன்.
"எதைச் சொல்றே?" என்று கேட்க வாயெடுத்தேன்,
விசில் ஊதிவிட்டது.

தோற்றுப்போனார்கள், மூன்று பாயிண்டில்.
வவுச்சரில் கையெழுத்துப் போட்டு
எண்ணூறை எண்ணிப் பார்த்துக்
கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.
இடம் காலியாக இருந்திருக்கும்,
ஆனாலும் படியில்தான் நின்றிருப்பான்.

அவனுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
நேற்றைய ஒன்பதையும் சேர்த்து
ஐயாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று.
அந்த இரண்டை இன்னும் சேர்க்கவில்லை.
எந்தத் தேதியில் எழுதுவது?