முறுக்கு விசை

இரவு ஷிப்டு முடிந்து
மத்திகிரிக் கூட்டுரோட்டில் இறங்குகிறேன்.
ஆவணிக் குளிர்.
கம்பெனி பஸ் என்னை உதிர்த்துவிட்டு
அடுத்த ஆட்களை அள்ளப் போகிறது.
காலி டிபன் டப்பாவுக்குள்
நேற்றுச் சந்தையில் வாங்கிய சிறுகீரை விதை,
இருபது ரூபாய்க்கு,
தெலுங்குப் பேப்பரில் மடித்தது.

வீட்டுக்குப் பின்னால்
ஆறடிக்குப் பத்தடி மண்.
வாடகைப் பத்திரத்தில்
அறை உண்டு, குழாய் உண்டு,
மின்விசிறி இரண்டு உண்டு.
மண்ணை எழுதவில்லை.
எழுதாததைக் கொத்தினால் என்ன என்று
கொத்தத் தொடங்கினேன்.

முதலில் ஜல்லி. பிறகு பாதி டைல்ஸ்,
யாரோ தேய்த்து முடித்த பல்துலக்கி,
நான்கு பால் பாக்கெட்.
முழங்கை ஆழத்தில்தான் சிவப்பு.
அறையில் கூட இருக்கும் பிபின், ஒடிசாக்காரன்,
அந்தச் சிவப்பை இரண்டு விரலில் எடுத்து முகர்ந்து
தனக்குத் தெரிந்த பதினைந்து தமிழ்ச் சொல்லில்
சரியான ஒன்றைச் சொன்னான்:
"போதும்."

கீரை விதை
கண்ணில் விழுந்தால் உறுத்தும் அளவுதான்.
மணலில் கலந்து தூவ வேண்டும்,
இல்லையென்றால் ஒரே இடத்தில் மொய்த்துக்கொள்ளும்.
எறும்புக்குத் தனியாக
சுவரோரம் ஒரு கோடு ராகி மாவு,
அங்கே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

என் கை
ஒரு ஷிப்டுக்கு அறுநூற்று நாற்பது போல்ட் முறுக்குகிற கை.
வேண்டிய அளவு இறுகியதும்
கருவி 'கிளிக்' என்று சொல்லிவிடும்.
அதற்கு மேல் ஒரு நூல் போனாலும்
விளக்கு சிவக்கும், சூப்பர்வைசர் வருவார்.
தூவிய மண்ணை எவ்வளவு அழுத்துவது?
உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன்.
மண் எதுவும் சொல்லவில்லை.

மாடியிலிருந்து வீட்டுக்கார ராமக்கா
"ஏமப்பா இதி?" என்றார்.
கீரைங்க அக்கா. இருபத்தைந்து நாள்.
"கீரை மட்டுமா?"

கீரை மட்டும்தான்.
ஐப்பசி பாதியில் காண்ட்ராக்ட் முடிகிறது.
நீட்டுவார்கள். நீட்டாமலும் விடுவார்கள்.
அதனால் முருங்கை கூடாது,
பப்பாளி கூடாது,
கத்திரியே கொஞ்சம் பேராசை.
விதைக் கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி
எத்தனை நாள் என்பதுதான்.

அக்கா உள்ளே போய்த் திரும்பி
ஒரு பிளாஸ்டிக் கவரைக் கீழே போட்டார்.
ஒன்பது அவரை விதை,
ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வாய்.
"பனி விழுந்தாத்தான் காய்க்கும். மார்கழி."
அப்போ நான் இருக்கேனோ என்னவோ அக்கா.
"கொடிக்கு உன்னையா தெரியும்?
செவுருதான் தெரியும்"
என்று துணி உலர்த்தப் போய்விட்டார்.

மூன்று குழி, குழிக்கு மூன்று.
சுவரை ஒட்டி.
மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலால் நனைத்துவிட்டு
கை கழுவாமல் தூங்கிப்போனேன்.

இரண்டு மணிக்குத்
தகரக் கூரையில் லாரி லாரியாக மழை.
எழுந்து ஓடினால்
எனக்கு முன்பே பிபின், துண்டோடு,
வாளி மூடியைத் தலைக்கு மேல் அல்ல,
பாத்திக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
ஆறடிக்குப் பத்தடிக்கு ஒரு வாளி மூடி!
இருவரும் சிரித்துச் சிரித்து நனைந்தோம்.
மணலும் விதையும் கைகோத்து
தண்ணீர் போகும் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

மழை விட்டபின்
குழியில் ஓர் அவரை மேலே வந்து கிடந்தது,
ஊறி, தோல் சுருங்கி,
குளித்து வந்தவன் விரல் நுனி மாதிரி.
திரும்ப உள்ளே வைத்தேன்.
கட்டைவிரல் ஓரிடத்தில்
தானாக நின்றது.

நாலாம் நாள் கீரை வந்தது.
நான் தூவிய இடத்தில் இல்லை.
சாக்கடை வாயருகே
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டமாய்.
அவரையைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

இன்று காலை வந்து பார்த்தால்
சுவரில் புதிதாக ஓர் ஆணி,
அதிலிருந்து குழி வரைக்கும்
ஒரு சணல் கயிறு தொங்குகிறது.