இடம் ஏழு, மேலே மூன்று

ஞாயிறு காலை ஆறரை.
சூலூர் தாண்டி, மூடிப்போன நூற்பாலைக்குப் பின்னால்
மண்மேடு அணைகட்டிய ஐம்பது மீட்டர்.
பதிவேட்டில் கையெழுத்து,
மூன்றாம் நம்பர் ரைஃபிள்,
ராயப்பன் எண்ணித் தரும் நாற்பது தோட்டா.

பாயில் குப்புறப் படுத்து
மூச்சைப் பாதியில் நிறுத்தி
ஐந்து சுடுகிறேன்.
ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்குகின்றன.
பொத்தானைத் தைத்திருப்பதுதான் தப்பான இடத்தில்:
நடுவுக்கு வலப்புறம், கொஞ்சம் கீழே.

என் கை செய்ததில்லை இது.
நேற்று மாலையிலிருந்து
வேறொருவர் கண் இருக்கிறது இந்த ரைஃபிளில்.

தெய்வசிகாமணி என்கிறது பதிவேடு.
சோமனூரில் தறிக்குடோன். சனிக்கிழமை ஐந்து மணி.
ஆளைப் பார்த்ததில்லை.
கன்னத்தை எங்கே அழுத்துவார்,
கழுத்தை எவ்வளவு நீட்டுவார்,
துளைக்குள் தெரியும் வட்டத்தில்
எதை நடு என்று நம்புவார்,
எல்லாம் கூட்டிக் கழித்து
அவருக்கும் எனக்கும் உள்ள தூரம்
இடம் ஏழு, மேலே மூன்று.
குமிழைத் திருகுகிறேன்.
நகத்துக்கடியில் டிக், டிக் என்று
அவர் விலகிப் போகிறார்.
அடுத்த ஐந்தும் நடுவில்.

கணபதியில் ஒரு பட்டறையில்
பம்ப் ஷாஃப்ட் அளக்கிற வேலை எனக்கு.
காலையில் முதல் காரியம்
மைக்ரோமீட்டரின் வாயை மூடிப் பார்ப்பது.
மூடின வாயிலும் அது ரெண்டு மைக்ரான் பேசும்.
அதைக் கழித்துக்கொண்டால்
சாயங்காலம் வரை அது சொல்வது மெய்.
பிழை இருந்துவிட்டுப் போகட்டும்,
இருக்கிற இடத்தில் இருந்தால் சரி.

ஆடியில் இருக்கவில்லை.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
பல்லடத்துக் காற்றாலைகளுக்குப் போகிற வழியில்
மாலையானால் ரேஞ்சுக்குள் புகுந்து
தோட்டாவைக் கிழக்கே ஒரு தள்ளு தள்ளும்.
அதற்கும் சேர்த்துத் திருகிவிட்டுப் போயிருப்பார்.
விடியலில் கொடி தொங்கிக் கிடக்கும்.
ஏழு வேண்டிய எனக்கு இரண்டே போதும்.
அப்படியானால்
நேற்றுச் சாயங்காலம் ஐந்து டிக் காற்று.
ஒரு வாரம் இடமே இல்லை, வலம் ஒன்று.
கருமத்தம்பட்டிப் பக்கம்
கலியாணப் பந்தல் பறந்த சேதியைத்
திங்கட்கிழமை பஸ்ஸில்தான் கேட்டேன்,
நோட்டில் முன்னாடியே எழுதியிருந்தேன்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு
முதல் ஐந்தும் நட்ட நடுவில்.
குமிழைத் தொடவே இல்லை.
பத்து வருசத்தில் என் நல்ல குழு அதுதான்,
எழுந்து உட்கார்ந்து
தண்ணீர் குடித்தேன்.
பதிவேட்டைப் புரட்டினால்
என் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

“கண்ணு ஆபரேசனுங்,” என்றார் ராயப்பன்,
“நேரமாகுமுங், ரெண்டு மாசம்.”

ரெண்டு மாசமும் அது என் ரைஃபிளாகவே இருந்தது.
பெட்டியில் வைத்தபடியே எடுத்தேன்.
சுட்டேன், பட்டது.
நோட்டில் தேதியை எழுதி
எதிரே கோடு கிழித்தேன்,
வாரம் ஒரு கோடு.
ஒரு தடவை சும்மா
வலம் ஏழு, கீழே மூன்று திருகி
அவர் பார்க்கிற மாதிரி பார்க்க முயன்றேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
தப்பாகச் சுடுகிற நான்தான்.
திரும்பத் திருகி வைத்துவிட்டேன்.

கார்த்திகை. தூறல் விட்ட காலை.
பதிவேட்டில் சனிக்கிழமை,
பழைய கையெழுத்து, கொஞ்சம் பெரிசாக.

படுத்தேன்.
ஐந்தும் சேர்ந்தே விழுந்தன,
இடப்பக்கம், மேலே,
இதுவரை ஒருநாளும் விழாத மூலையில்.
எண்ணி எண்ணித் திருகினேன்:
வலம் பதினொன்று, கீழே ஒன்று.

புதுப் பக்கத்தில் அதை எழுதிவிட்டு
ரைஃபிளின் காதோரமாய்க் கேட்டேன்,
“நல்லாத் தெரியுதாட்ட இருக்குதுங்களே?”